முகத்துக்கு நேரே பேச ஆங்கிலத்தில் எந்தத் தொடரை எங்கே போடுவது?

பொருநை:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் லண்டனில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முந்தின வாரம் தேவைகளை மாற்றுவார்கள். தேதி தள்ளிப்போனால் பழி எங்கள் தலையில் விழும். இந்த முறை கூட்டத்துக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் எழுதி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடலாம் என்று மேலாளரும் சம்மதித்துவிட்டார். வரைவின் முதல் வரியில் ‘டு கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்’ (மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்வது) என்று போட்டேன். குழுவில் ஒருவர் அதை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர் ‘கட் டு த சேஸ்’ போடு என்கிறார். மூன்றாமவர், ‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மரியாதையாக இருக்கும் என்கிறார். அகராதியைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘வெளிப்படையாகப் பேசு’ என்றே பொருள் இருக்கிறது. இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்?

பேனாமுனை:
அகராதி பாதியைத்தான் சொல்கிறது. நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். இந்த மாதிரித் தொடர் வந்தால், பேசுகிறவர் எதைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் கவனிப்பேன்.

‘கட் டு த சேஸ்’ தவிர்ப்பது நேர விரயத்தை. ஹாலிவுட்டில் பிறந்த சொல் அது. மௌனப் படங்களில் ஜனங்கள் காத்திருந்தது துரத்தல் காட்சிக்கு. கதையை இழுக்காமல் அந்தக் காட்சிக்கு வெட்டிப் போ என்பது படத்தொகுப்புப் பேச்சு. 1920களின் கடைசியில் அச்சில் வருகிறது. ‘விஷயத்துக்கு வா’ என்ற பொருளில் பொதுப் பேச்சில் பரவியது அதற்கும் பிறகு. இதில் அவசரம் உண்டு, கடுமை கிடையாது. உங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் ‘வளவளவென்று பேசாதே’ என்றுதான் கேட்கும்.

‘பீட் அபௌட் த புஷ்’ வேட்டைக்காரர்களுடையது. ஆட்கள் புதரைச் சுற்றித் தட்டிப் பறவையைக் கிளப்புவார்கள். பிடிக்கிற வேலை அதற்கப்புறம்தான். பிடிக்கவே போகாமல் புதரையே தட்டிக்கொண்டிருந்தால் அதுதான் நம்முடைய ‘சுற்றி வளைத்தல்’. லண்டனுக்கு எழுதும்போது ‘அபௌட்’. அமெரிக்கர்கள் ‘அரௌண்ட்’ என்பார்கள்.

‘ப்ராஸ் டாக்ஸ்’ வேறு ஜாதி. நலம் விசாரித்து, தட்பவெப்பம் பேசி முடித்து, தொகை என்ன, தேதி என்ன என்று நுணுக்கத்தில் இறங்கும்போது சொல்வது. அமெரிக்காவில் தோன்றியது, 1863இல் டெக்சஸ் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. துணிக்கடை மேசையில் முழம் அளக்க அடித்திருக்கும் பித்தளை ஆணிகளிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ‘ஃபாக்ட்ஸ்’ (உண்மைகள்) என்பதற்குப் பதிலாக லண்டன் காக்னி மக்கள் (கிழக்கு லண்டன் உழைப்பாளிகள்) வைத்த எதுகைச் சொல் என்று இன்னொரு விளக்கம். அமெரிக்கப் பிறப்பை வைத்துப் பார்த்தால் இரண்டாவது எனக்கு நம்பும்படியாக இல்லை.

‘புல் நோ பஞ்சஸ்’ குத்துச்சண்டை. குத்தை ஓங்கிவிட்டுக் கடைசி நொடியில் வேகத்தைக் குறைப்பது ‘புல்’. குறைக்காமல் இறக்குவது இது. ஒரு தணிக்கை அறிக்கையையோ விமர்சனத்தையோ பற்றி மூன்றாம் மனிதர் சொன்னால் பாராட்டு. நாமே நம் கடிதத்தைப் பற்றிச் சொன்னால் மிரட்டல்.

இனி உங்கள் மண்வெட்டிக்கு வருவோம். அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிரேக்கர் புளூட்டார்க் எழுதிவைத்த சம்பவம் இது. ஒலிந்தஸ் நகரத்தைச் சேர்ந்த சிலர் மாசிடோனிய அரசன் பிலிப்பின் பக்கம் சேர்ந்துகொண்டவர்கள். ‘உங்கள் ஆட்கள் எங்களைத் துரோகிகள் என்கிறார்கள்’ என்று அவனிடமே முறையிடுகிறார்கள். மாசிடோனியர்கள் நாகரிகம் தெரியாத நாட்டுப்புறத்தான்கள், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்லத் தெரியும் என்று பிலிப் பதில் சொல்கிறான். மேலுக்குப் பார்த்தால் தன் ஆட்களைக் குறை சொல்வது போல இருக்கிறது. உள்ளே, ‘அவர்கள் சொன்னது சரிதானே’ என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அங்கே வரும் சொல் ‘ஸ்காஃபே’ (தொட்டி, தோணி). பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் இதை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது மண் தோண்டும் கருவியாக மாற்றிவிட்டார்; கிரேக்கத்தில் இரண்டுக்கும் பெயர் ஒரே வேரிலிருந்து வருகிறது. 1542இல் நிக்கலஸ் யூடல் எராஸ்மஸை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘ஸ்பேட்’ உட்கார்ந்தது. அன்று முதல் ஆங்கிலேயனுக்கு அது மண்வெட்டி.

பிலிப்பின் பதிலில் ‘நாங்கள் இப்படித்தான்’ என்ற தொனி இருக்கிறதே, அது இன்றைக்கும் இந்தத் தொடரை விட்டுப் போகவில்லை. பேசுகிறவர் தன் சுபாவத்துக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறார். வேலைக் கடிதத்தில் உங்கள் சுபாவத்துக்கு என்ன இடம்? முதல் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கட்டுமரம்:
பேனாமுனை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே அலுவலகத்தில் இந்தத் தொடரை யாரும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1920களிலிருந்து அமெரிக்கக் கொச்சையில் ‘ஸ்பேட்’ கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாக இருந்திருக்கிறது. அது வந்தது சீட்டுக்கட்டில் உள்ள கறுப்பு ஸ்பேட் குறியிலிருந்து, மண்வெட்டியிலிருந்து இல்லை. சீட்டின் பெயரோ வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. ஆக, தொடருக்கும் வசைக்கும் சொந்தம் இல்லை. ஆனால் கேட்கிறவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. சொற்பிறப்பு நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் புண்படுத்திவிட்டு அப்புறம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பது சரியில்லை. லண்டன் குழுவிலும் எல்லா இனத்தாரும் இருப்பார்கள்.

லீட்ஸ் தமிழன்:
பிரிட்டனில் அந்தத் தொடர் இன்னும் சாதாரணமாகப் புழங்குகிறது, கட்டுமரம். யார்க்‌ஷயரில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். ‘ஐ ஸ்பீக் அஸ் ஐ ஃபைண்ட்’ என்று இந்த வட்டாரத்தில் கேட்கிற இன்னொன்றும் உண்டு: எனக்கு எப்படிப் படுகிறதோ அப்படிச் சொல்வேன், ஊர் சொல்வதைக் கேட்டுச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாயில் அடிக்கடி வரும். ஆனால் உங்கள் எச்சரிக்கை நியாயமானது. அலுவலகத்தில் நானும் தவிர்க்கிறேன்.

பொருநை, நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது யோசனையை. ‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ மரியாதை இல்லை. ஆங்கிலேயர் வாயிலிருந்து அது வந்தால் அடுத்து வருவது ‘நீ சொல்வது தப்பு’ என்பதுதான். ‘வித் த க்ரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்று ஏறினால் இன்னும் மோசம். நம் ஊரில் ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கிப் பழகியவர்கள் இதையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் முதல் வரியிலேயே தோளை விறைத்துக்கொள்வார்.

வேப்பமரம்:
ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். பேச்சு நன்றாகப் போகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

‘ப்ளன்ட்’ என்றால் மழுங்கியது. தமிழில் நேரடிப் பேச்சு என்றால் வெட்டு, நறுக்கு, சுருக்கென்று தைப்பது, எல்லாம் கூர்மை. ஆங்கிலத்தில் அது முனை மழுங்கிய பேச்சு. சீவிச் செதுக்கி நயமாக்காமல் அப்படியே இறக்குவது. இதே படம்தான் ‘நாட் டு புட் டூ ஃபைன் எ பாயின்ட் ஆன் இட்’ என்பதிலும் இருக்கிறது: முனையை ரொம்பத் தீட்டப் போவதில்லை, அதாவது நயம் பார்க்காமல் சொல்கிறேன். மாணவர்கள் இதை ‘பெரிதுபடுத்தாமல்’ என்று எடுத்துக்கொண்டு தலைகீழாகப் பயன்படுத்துவார்கள். டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் ஸ்னாக்ஸ்பி என்ற எழுதுபொருள் கடைக்காரருக்கு இதுதான் வாய்ப்பாடு. அந்த மனிதர் ஒரு பயந்த சுபாவம், மனைவிக்கு அடங்கியவர். ஒரு சின்ன உண்மையைச் சொல்வதற்குக்கூட அவருக்கு இந்த முன்வரி தேவைப்படுகிறது. முன்வரி போடுகிறவர்கள் எல்லோரும் தைரியசாலிகள் இல்லை என்று டிக்கன்ஸ் எவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறார்!

‘மின்ஸ் வேர்ட்ஸ்’ என்பதை எதிர்மறையில்தான் பயன்படுத்த வேண்டும்: ‘ஷி டஸின்ட் மின்ஸ் வேர்ட்ஸ்’. மின்ஸ் என்றால் கொத்துவது. சொல்லைப் பொடியாகக் கொத்தினால் காரம் தெரியாமல் போய்விடும். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ, தன் நண்பனைக் காப்பாற்றப் பார்ப்பதாக நடிக்கும் இயாகோவிடம், உன் நேர்மையும் அன்பும் விஷயத்தை மின்ஸ் செய்கின்றன என்பான். நாம் ‘மென்று விழுங்காதே’ என்கிறோமே, அதற்கு மிக அருகில் வருவது இது.

வன்னிமகள்:
நான் டொரன்டோவில் தாதியாக வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் சொல்லுகிற ஆள் பார்த்துக் கதைக்கிறீர்கள். கேட்கிற ஆளின் பக்கத்திலும் தொடர்கள் இருக்கு. ‘லெவல் வித் மீ’, ‘கிவ் இட் டு மீ ஸ்ட்ரெய்ட்’. சோதனை முடிவு வந்த பிறகு நோயாளிகள் வைத்தியரிட்டக் கேட்கிற சொற்கள் இவை. என்னட்ட மறைக்காதேங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ.

அப்படிக் கேட்டவருக்கு எப்படிச் சொல்லுறது என்பதுக்கு ஒரு முறையே இருக்கு. ஸ்பைக்ஸ் என்று பெயர். புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியிட்டவை. அதில் ஆறு படிகள். நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்கவேணும். பிறகு, ‘நல்ல செய்தி இல்லை’ என்று ஒரு முன்னறிவிப்பு. அதுக்குப் பிறகுதான் செய்தி. ‘மெட்டாஸ்டசைஸ்’ என்று சொல்லாமல் ‘பரவியிருக்கு’ என்று சொல்லவேணும் என்று அதில் இருக்கு. அதே இடத்தில், அளவுக்கு மிஞ்சின முரட்டு வெளிப்படை கூடாது என்றும் இருக்கு.

அந்த இரண்டும் ஒரே பந்தியில் இருக்கிறதை வாசிச்சபோது எனக்கு ஒரு விஷயம் நல்லா விளங்கினது. தெளிவாகச் சொல்லுறது வேறை, முகத்தில அடிக்கிற மாதிரிச் சொல்லுறது வேறை. ஒரு வைத்தியர் தமிழ் அம்மா ஒருவருக்கு விஷயத்தைச் சொன்ன நேரம் நான் பக்கத்தில மொழிபெயர்க்க நின்றேன். கதிரையை இழுத்து அவவுக்கு நேரே இருந்து, ‘உங்கட ஈரலுக்கும் பரவிட்டுது. இதை முழுக்க மாற்றேலாது. நோவைக் குறைக்க எங்களால ஏலும்’ என்றார். மூன்று வசனம். நான் மொழிபெயர்க்க ஒரு சொல்லுக்கும் யோசிக்க வேண்டி வரேல்லை. அந்த அம்மா உடனே தன்ர மகளை எப்ப கூப்பிடலாம் என்று கேட்டா. அவ்வளவு தெளிவாக அவவுக்கு விளங்கியிருந்தது.

பேனாமுனை:
அக்கா, இந்த இழையில் வந்த சிறந்த பதில் இதுதான். ‘ஒரு சொல்லுக்கும் யோசிக்க வேண்டி வரேல்லை’ என்றீர்களே, தெளிவுக்கு அதைவிட நல்ல சோதனை என் தொழிலில் கிடையாது. மரபுத்தொடர் போட்டு எழுதிய வாக்கியத்தில்தான் நான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வேன்.

கட்டுமரம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தெளிவாகப் பேசுவதைப் பற்றி ஆங்கிலத்தில் இவ்வளவு தொடர்கள் இருப்பதற்கும் தெளிவாகப் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை.

‘ரீட் மை லிப்ஸ்’ நினைவிருக்கிறதா? 1988இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் மூத்த ஜார்ஜ் புஷ் சொன்னது: என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது. அவ்வளவு சுருக்கமான வாக்குறுதியை அமெரிக்க அரசியலில் தேடத்தான் வேண்டும். 1990இல் பற்றாக்குறையைச் சமாளிக்க வரி உயர்வுக்கு அவரே ஒப்புக்கொண்டார். 1992 தேர்தலில் சொந்தக் கட்சிக்காரரே அந்த வரியைத் திருப்பிப் போட்டு அவரை அடித்தார்கள், கிளின்டனிடம் தோற்றார். பூசி மெழுகியிருந்தால் இத்தனை பேருக்கு நினைவில் நின்றிருக்காது. நேரடியாகப் பேசுகிறவர் பிறகு பின்வாங்க இடம் வைத்துக்கொள்ள முடியாது. பொருநை, உங்கள் கடிதத்தில் தேதி, எண், பொறுப்பு எல்லாம் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

லீட்ஸ் தமிழன்:
சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே ‘ப்ளெய்ன் இங்கிலிஷ்’ என்ற சொல்லே ஓர் இயக்கமாக ஆகியிருக்கிறது. 1979இல் கிறிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி, பாராளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கிழித்துப் போட்டார். லிவர்பூலில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்; பதின்ம வயதில்தான் படிக்கவே கற்றுக்கொண்டார். தங்களுக்குச் சேர வேண்டிய உதவித்தொகையை, படிவம் புரியாத காரணத்தால் ஏழைகள் விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் கோபம். அன்று காவலர் ஒருவர் வந்து சட்டப் பிரிவின் நீண்ட வாக்கியத்தை வாசித்திருக்கிறார். ‘அப்படியென்றால் நாங்கள் கிளம்ப வேண்டுமா?’ என்று மேஹர் கேட்டாராம். அந்த இயக்கத்தார் இன்றும் சொல்லும் சம்பவம் இது. இப்போது தெளிவாக எழுதிய ஆவணங்களுக்கு அவர்கள் ‘கிறிஸ்டல் மார்க்’ என்று ஒரு முத்திரை கொடுக்கிறார்கள். வங்கி, மருத்துவமனைத் தாள்களில் அதை நான் பார்த்திருக்கிறேன். கட்டுமரம், உங்கள் நாட்டில் 2010இல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது, கூட்டாட்சி அலுவலகங்கள் ஜனங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று.

மேஹர் கேட்டது முரட்டுப் பேச்சை அல்ல, புரிகிற பேச்சை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கோபம் மதிக்கத்தக்கது.

பொருநை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொடர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, தமிழில் தருகிறேன்:

‘கடந்த நான்கு வெளியீடுகளில் மூன்றில், கடைசி ஐந்து வேலை நாட்களுக்குள் தேவைகள் மாற்றப்பட்டன. பட்டியல் இணைப்பில் உள்ளது. இப்படி மாறும்போது முழுச் சோதனையை எங்களால் முடிக்க முடியாது. அடுத்த வெளியீட்டில் கடைசிப் பத்து நாட்களில் வரும் மாற்றங்களை அதற்கடுத்த வெளியீட்டுக்குத் தள்ள வேண்டும் என்று கேட்கிறோம்.’

மேலாளர் இது கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது என்கிறார். முன்னால் ஒரு வரியாவது வேண்டுமாம்.

வேப்பமரம்:
ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி. முன்வரி வேண்டுமென்றால், ‘ஐ வுட் லைக் டு பி டைரக்ட் அபௌட் த ரிலீஸ் டேட்ஸ்’ போதும். எதைப் பற்றி நேராகப் பேசப் போகிறீர்கள் என்பது அதிலேயே இருக்கிறது. படிக்கிறவருக்குத் தயாராக ஒரு நொடி கிடைக்கும். வன்னிமகள் சொன்ன முன்னறிவிப்பு மாதிரித்தான். ‘ஹானஸ்ட்லி’, ‘டு பி ஹானஸ்ட்’ வேண்டாம். மற்ற நேரத்தில் நேர்மையாக இல்லையா என்ற கேள்வி வரும்.

லீட்ஸ் தமிழன்:
டீச்சர் சொன்ன வரி சரி. இன்னும் ஒன்று: ‘மாற்றப்பட்டன’ என்று யார் மாற்றினார்கள் என்பதை மறைக்கிறீர்கள், பொருநை. இங்கே நாசூக்கு அதுதான், ஆனால் உங்கள் கடிதத்தின் உயிரே அந்த இடத்தில் இருக்கிறது. ‘உங்கள் வணிகக் குழுவிடமிருந்து மாற்றங்கள் வந்தன’ என்று எழுதுங்கள். குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொல்வதுதான்.

கட்டுமரம்:
ஆமோதிக்கிறேன். இணைப்பில் தேதிகள் இருப்பதால் யாரும் மறுக்க முடியாது.

புதுவெள்ளம்:
கல்லூரி மாணவி. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நேர்முகத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஷோல்டர்’, ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்சஸ் மவுத்’, ‘ஷூட் ஃப்ரம் த ஹிப்’, ‘கிவ் எ பீஸ் ஆஃப் மை மைண்ட்’ நான்கையும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரே தலைப்பின் கீழ் போட்டிருக்கிறார்கள். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வேப்பமரம்:
சந்தேகம் சரியானதுதான் அம்மா. நான்கில் முதலாவது மட்டுமே இந்தத் தலைப்புக்கு உரியது. தோளிலிருந்து நேராக வரும் குத்து. ஒளிவு மறைவில்லாத பேச்சு.

குதிரையின் வாய் என்பது பேச்சின் தன்மையைப் பற்றியதே இல்லை, செய்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று குதிரையே சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? சம்பந்தப்பட்டவர் வாயாலேயே கேட்டேன் என்னும்போது பயன்படுத்து.

‘ஷூட் ஃப்ரம் த ஹிப்’ துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தவுடன், குறி பார்க்காமல் இடுப்பு உயரத்திலேயே சுடுவது. யோசிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்வது. நேர்முகத் தேர்வில் உன் பலம் இது என்று சொன்னால் வேலை கிடைக்காது.

கடைசியில் உள்ளது, திட்டித் தீர்ப்பது. ‘ஸ்பீக் மை மைண்ட்’ என்றால் மனத்தில் பட்டதைச் சொல்வது. அதில் கோபம் இருக்க வேண்டியதில்லை. ‘பீஸ் ஆஃப் மை மைண்ட்’ கொடுத்தேன் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன் என்று பொருள். எழுதும்போது ‘மன அமைதி’ என்று பொருள்படும் இன்னொரு ‘பீஸ்’ உடன் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள். தேர்வில் உன்னைப் பற்றிக் கேட்டால் ‘ஐ ஸ்பீக் மை மைண்ட்’கூட வேண்டாம். ஒரு குழுவேலையில் எல்லோரும் தயங்கிய விஷயத்தை நீ எடுத்துச் சொன்ன சந்தர்ப்பம் இருந்தால் அதைச் சொல்.

புதுவெள்ளம்:
இருக்கிறது டீச்சர். இறுதியாண்டுத் திட்டப்பணியில் எங்கள் கணக்கீடு தவறு என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அதையே தயார் செய்கிறேன்.

வேப்பமரம்:
நல்லது. அவரிடம் என்ன வார்த்தைகளில் சொன்னாயோ அதையும் சேர்த்து எழுதி இங்கே போடு, ஆங்கிலத்தில் எப்படி வரும் என்று பார்ப்போம்.